லூவாவில் பாரமான வேலையைப் பிரித்துக் கொடுப்பது: கோரூட்டினா, திரெட்டா, தனிப் புரோசஸா?

திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. கலியாணம் முடிந்து ஒன்றிரண்டு கிழமைக்குள் பொம்பிளை வீட்டுக்காரரும் மாப்பிள்ளை வீட்டுக்காரரும் அங்கே வந்து, அல்பத்துக்குப் போகவேண்டிய படங்களைப் பெரிய திரையில் பார்த்துத் தெரிவுசெய்வார்கள். அதற்காக, லூவா என்ற நிரல் மொழியில் எழுதும் லவ் என்கிற கேம் என்ஜினை வைத்து ஒரு சிறிய செயலி எழுதிக் கொடுத்தேன். அம்புக்குறியை அழுத்தினால் அடுத்த படம் வரும், ஸ்பேஸ் பாரை அழுத்தினால் படம் தெரிவாகும். வேறொன்றும் இல்லை.

முதல் நாளே ஸ்டூடியோ அண்ணையின் அழைப்பு வந்தது. "தம்பி, படம் நாலைஞ்சு ஒண்டாப் பாயுது. பொம்பிளையின்ர அம்மா கோவிக்கிறா, ஒருக்கா வாரும்."

போய்ப் பார்த்தேன். அம்மா அம்புக்குறியை அழுத்துகிறா. திரை அசையவில்லை. அழுத்தியது படவில்லையோ என்று திரும்ப அழுத்துகிறா, இன்னொருக்காலும் அழுத்துகிறா. பிறகு தாலி கட்டுகிற படத்தையும் அறுகரிசி போடுகிற படத்தையும் தாண்டி, திரை சாப்பாட்டுப் பந்தியில் போய் நிற்கிறது. தாலி கட்டிய நேரத்துப் படத்தைப் பார்க்கத்தான் அவ வந்திருந்தா.

காரணம் விளங்கச் சில நிமிடம்தான் எடுத்தது. படங்கள் 24 மெகாபிக்சல் கமராவில் எடுத்தவை. அந்த லேப்டொப்பில் ஒரு ஜேபெக் கோப்பை விரித்தெடுக்க அரைச் செக்கன் அளவு பிடித்தது. லவ் செக்கனுக்கு 60 தரம் திரையை வரைய வேண்டும் என்றால் ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லி செக்கன். படம் விரிகிற அந்த அரைச் செக்கனும் செயலி கண்ணை மூடிக்கொள்கிறது. ஆனால் விசை அழுத்தங்கள் தொலைவதில்லை. வரிசையில் காத்து நின்று, வழி திறந்தவுடன் ஒன்றன்பின் ஒன்றாகப் பாய்கின்றன. பென் டிரைவிலிருந்து வாசித்தால் இன்னும் மோசம். சில செக்கன் பதில் இல்லாவிட்டால் விண்டோஸ் ஜன்னலை வெளிற வைத்து, செயலி பதிலளிக்கவில்லை என்று எழுதிவிடும்.

ஆகவே படம் விரிக்கும் வேலையைத் திரை வரைகிற இடத்திலிருந்து கிளப்பி வேறெங்காவது வைக்க வேண்டும். எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. லூவாவில் இதற்கு ஒரு வழி அல்ல, நாலைந்து வழி உண்டு. ஒவ்வொன்றையும் செய்து பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவு இது: எந்த லைப்ரரி நல்லது என்று தேடத் தொடங்க வேண்டாம். உங்கள் வேலை வெளியே எதற்காவது காத்திருக்கிறதா, அல்லது தானே மாய்ந்து கணக்குப் போடுகிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்ததாக, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு எவ்வளவு சாமான் போய்வர வேண்டும் என்று பாருங்கள். இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் லைப்ரரி தானாகவே தெரிந்துவிடும்.

அதற்கு முன் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்க்க வேண்டும். லூவா 1993இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்த மொழி. போர்த்துக்கேயத்தில் லூவா என்றால் நிலா. கோரூட்டின், அதாவது நடுவில் நிறுத்தி வைத்துப் பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய பங்ஷன், அதற்குள் வந்தது 2003இல் வெளியான 5.0 பதிப்பில். ஒரு கோரூட்டினின் வகை என்ன என்று லூவாவிடம் கேட்டால் 'திரெட்' என்றே விடை வரும். சி மொழிப் பக்கத்திலும் அதை உருவாக்கும் பங்ஷனின் பெயர் 'லூவா நியூதிரெட்'. ஆனால் இயங்குதளம் தருகிற, வெவ்வேறு கோரில் ஒரே நேரத்தில் ஓடக்கூடிய திரெட்டுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. புதிதாகப் பழகுகிற பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள். நான்கு கோரூட்டின் போட்டால் கணினிச் சிப்பின் நான்கு கோரும் வேலை செய்யும் என்று நம்பி நாள்கணக்கில் மினக்கெடுகிறார்கள். கீழே கோரூட்டினைக் கோரூட்டின் என்றும், இயங்குதளத்தின் திரெட்டை மட்டும் திரெட் என்றும் எழுதுகிறேன்.

கோரூட்டினில் எந்த நேரத்திலும் ஒன்றுதான் ஓடும். ஓடுகிற கோரூட்டின் தானாக 'யீல்ட்' செய்து வழி விட்டால்தான் மற்றது ஓடலாம். அதனால் பூட்டு வேண்டாம், ஒரே மாறியை இருவர் ஒரே நேரத்தில் எழுதிவிடுவார்களோ என்ற பயமும் வேண்டாம். மிகவும் மலிவானது. ஆயிரக்கணக்கில் வைத்தாலும் பாரம் தெரியாது. காத்திருக்கும் வேலைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. லூவாசொக்கெட் என்கிற வலைத்தொடர்பு லைப்ரரியில் டைம்அவுட்டைப் பூச்சியமாக்கி, தரவு வரவில்லை என்றால் யீல்ட், வந்துவிட்டால் தொடர்தல் என்று எழுதினால் நூறு இணைப்பை ஒரே திரெட்டில் சமாளிக்கலாம். கோபாஸ் என்கிற லைப்ரரி இதைத்தான் உங்களுக்காகச் செய்து தருகிறது. லூவாவை உள்ளே வைத்த வெப் சேர்வரான ஓப்பன்ரெஸ்டியில் 'லைட் திரெட்' என்று சொல்வதும் உள்ளே கோரூட்டின்தான்.

என் முதல் முயற்சியும் கோரூட்டின்தான். அடுத்த ஐந்து படத்தை முன்கூட்டியே விரித்து வைப்பது, ஒவ்வொரு படத்துக்கும் இடையில் ஒரு யீல்ட். எழுதும்போது வடிவாக இருந்தது. ஓட விட்டால் முன்பைவிடக் கூடுதலாகத் திக்கியது. படத்துக்கும் படத்துக்கும் நடுவில் மூச்சு விட முடிந்ததே தவிர, ஒரு படத்தின் நடுவில் முடியவில்லை. விரிக்கும் வேலை முழுவதும் லவ்வின் சி++ பங்ஷன் ஒன்றுக்குள் நடக்கிறது. அது முடியும்வரை லூவாவுக்குக் கை திரும்பாது, எங்கே யீல்ட் எழுதினாலும் பயனில்லை. பாரமான வேலை உங்கள் சொந்த லூவா லூப்பாக இருந்தால், வரிசைக்கு ஒரு தரம் யீல்ட் போட்டு அதைத் துண்டு துண்டாக்கலாம். அப்படிச் செய்தாலும் மொத்த நேரம் குறையாது. நேரத்தைப் பரப்பி வைக்கிறீர்கள், அவ்வளவுதான். இன்னொரு கவனம்: 5.1 பதிப்பில், பிழையைப் பிடிக்கிற பீகால் ஒன்றுக்குள்ளிருந்து யீல்ட் செய்ய ஏலாது. 5.2இல்தான் அது சரியானது. லூவாவின் வேகமான இன்னொரு வடிவமான லூவாஜிட் 5.1ஐத் தழுவியது என்றாலும் இந்த விடயத்தில் தடை இல்லை.

சரி, கணக்குப் போடுகிற வேலைக்குக் கோரூட்டின் உதவாது. அடுத்து நினைவுக்கு வருவது தனிப் புரோசஸ், அதாவது வேலையை வேறொரு செயலியாகத் தனியே ஓடவிடுவது. வெளியே ஏற்கெனவே ஒரு நல்ல கருவி இருந்தால் நான் இதைத் தயங்காமல் சொல்வேன். படம் சிறிதாக்க லிப்விப்ஸ், இமேஜ்மாஜிக் போன்றவை இருக்கின்றன. லூவாவில் நாங்கள் எழுதும் எதையும்விட அவை கெதி. புரோசஸ் விழுந்தாலும் உங்கள் செயலி விழாது. நினைவகம் முழுக்கத் தனி.

ஆனால் லூவா தருகிற வாசல் குறுகியது. ஓஎஸ்.எக்ஸிகியூட் கூப்பிட்டால் வேலை முடியும்வரை செயலி அங்கேயே நிற்கும். ஐஓ.பீஓப்பன் உடனே திரும்பும் என்றாலும், வாசிக்கப் போனால் தரவு வரும்வரை நிற்கும். காத்திராமல் எட்டிப் பார்க்கிற வழி நியம லூவாவில் இல்லை. அதனால் பின்னணியில் ஓடவிட்டு, விளைவுக் கோப்பு வந்துவிட்டதா என்று அடிக்கடி பார்ப்பதே நடைமுறை. அப்படிச் செய்கிறவர்கள் கோப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முழுவதும் முடிந்த பிறகு சரியான பெயருக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால், நடுவில் கரண்ட் போனால் பாதி எழுதிய கோப்பு சரியான பெயரில் கிடக்கும். அடுத்த நாள் செயலி அதை முழுப் படம் என்று நம்பித் திறக்கும்.

என்னை இந்த வழியிலிருந்து திருப்பியது வேறொன்று. ஸ்டூடியோவில் ஃபோல்டர்களுக்குத் தமிழில்தான் பெயர் வைக்கிறார்கள்: 'தெல்லிப்பழை கலியாணம்', 'கோண்டாவில் பூப்புனித நீராட்டு'. விண்டோஸில் லூவாவின் ஐஓ.ஓப்பன் சி மொழியின் பழைய கோப்புத் திறப்பையே நம்பியிருக்கிறது. யுனிகோட் தமிழ்ப் பெயரைக் கொடுத்தால் கோப்பு இல்லை என்கிறது. கட்டளை வரியில் அனுப்பினாலும் இதே சிக்கல். ஃபோல்டருக்கு ஆங்கிலத்தில் பெயர் வையுங்கள் என்று அண்ணையிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் வருடக்கணக்காகத் தமிழில் அடுக்கி வைத்திருக்கிற மனிதரிடம் என் செயலிக்காக அதை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லவ்வின் கோப்பு மொட்யூல் தமிழ்ப் பெயரைச் சரியாகக் கையாள்கிறது. ஃபோல்டரை இழுத்து ஜன்னலின் மேல் போட்டால் போதும், அதை மவுண்ட் செய்து உள்ளே வாசிக்கலாம். அப்போதே முடிவு பாதி தெரிந்துவிட்டது: வேலை லவ்வுக்குள்ளேயே நடக்க வேண்டும்.

இனி உண்மையான திரெட்டுகள். லூவாவில் ஒரு 'ஸ்டேட்' என்பது ஒரு வீடு மாதிரி: மாறிகள், டேபிள்கள், பயன்படாத நினைவகத்தை விடுவிக்கிற குப்பை அள்ளும் வேலை எல்லாம் அதற்குள். அந்த வீட்டுக்குப் பூட்டு கிடையாது. மூலக்குறியீட்டில் 'லூவா லொக்', 'லூவா அன்லொக்' என்று இரண்டு மக்ரோ இருக்கின்றன, ஆனால் இயல்பில் இரண்டும் வெறுமை. இரண்டு திரெட் ஒரே ஸ்டேட்டை ஒரே நேரத்தில் தொட்டால் நினைவகம் கெடும், எப்போது விழும் என்று சொல்ல ஏலாது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற பெடியன் ஒருவன் தன் சி++ செயலியைக் கொண்டுவந்து காட்டினான். திரெட்டுக்கு ஒன்றாக 'லூவா நியூதிரெட்' கூப்பிட்டு, ஒவ்வொன்றும் தனி என்று நினைத்திருந்தான். சில நாள் காலையிலிருந்து பின்னேரம்வரை ஓடும், சில நாள் பத்து நிமிடத்தில் விழும். அவை எல்லாம் ஒரே வீட்டின் அறைகள் என்று விளங்கப்படுத்தினேன். திரெட்டுக்கு ஒரு தனி ஸ்டேட் என்று மாற்றினான், அத்தோடு விழுவது நின்றது. வெறும் ஸ்டேட் ஒன்று சில பத்துக் கிலோபைட்டில் அடங்கிவிடும் என்பதால் இதில் கஞ்சத்தனம் தேவையில்லை. சி அல்லது சி++க்குள் லூவாவை வைத்து எழுதுகிறவர்களுக்கு நான் வேறு தெரிவு சொல்லமாட்டேன்.

லைப்ரரிகள் எல்லாம் இந்த ஒரே விதியின் மேல் கட்டியவைதான். வீட்டுக்கு வீடு சாமான் எப்படிப் போகிறது என்பதில் மட்டும் வேறுபடுகின்றன.

லேன்ஸ் பழையது, பண்பட்டது. ஒரு பங்ஷனைக் கொடுத்தால் அதையும் அது பிடித்து வைத்திருக்கிற வெளி மாறிகளையும் புதிய ஸ்டேட்டுக்குப் பிரதி எடுத்து ஓடவிடும். லேன்களுக்கிடையில் பேச 'லிண்டா' என்கிற தபால்பெட்டி. எழுதச் சுகமான லைப்ரரி இது. ஆனால் போவது பிரதி என்பதை மறந்தால் அடி விழும். அங்கே மாற்றிய டேபிள் இங்கே மாறாது. சாதாரண யூசர்டேட்டாவை (சி பக்கம் உருவாக்கி லூவாவுக்குக் கொடுத்த பொருளை) அப்படியே அனுப்பவும் முடியாது. தனி லூவாவில் கட்டளை வரிச் செயலி எழுதுகிறீர்கள், நாலு கோருக்கும் கணக்கைப் பிரிக்க வேண்டும் என்றால் லேன்ஸை எடுங்கள். எனக்கு அது பொருந்தவில்லை, ஏனென்றால் நான் அனுப்ப வேண்டியது லவ்வின் படப் பொருள்.

எஃபில் வேறு மாதிரி. பல திரெட் சேர்ந்து பார்க்கக்கூடிய டேபிள் ஒன்றைத் தருகிறது, பிரதி இல்லை. கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் எண்ணிக்கையை வாசித்து, ஒன்று கூட்டி, திரும்ப எழுதுவது மூன்று செயல். நடுவில் மற்றத் திரெட் புகுந்தால் ஒரு எண்ணிக்கை காணாமல் போகும். லூவாவின் மிகப் பெரிய நிம்மதியே இந்தக் கவலை இல்லாததுதான். அதை விலைபேசி விற்கிற அளவுக்குத் தேவை எனக்கு இன்னும் வரவில்லை. லிப்யூவி என்கிற லைப்ரரி வழியாகவும் திரெட் கிடைக்கும். அதன் திரெட் குழு இயல்பில் நான்கு பேர் கொண்டது. ஏற்கெனவே லிப்யூவியில் எழுதுகிறவர்கள் அதிலேயே இருக்கட்டும்.

லவ்வின் சொந்தத் திரெட் எளிமையானது. ஒரு லூவாக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அது தனி ஸ்டேட்டில், தனித் திரெட்டில் ஓடும். பேசச் 'சனல்' இருக்கிறது. எண், எழுத்து, டேபிள், லவ்வின் பொருள்கள் எல்லாம் அதில் போகும். பங்ஷன் போகாது. படப் பொருள் போகும்போது பிரதி எடுப்பதில்லை, சுட்டு மட்டும் கைமாறுகிறது. என் வேலைக்கு இதுதான் தீர்ப்பு எழுதிய விடயம். திரை வரைகிற கிராஃபிக்ஸ் மொட்யூலை மட்டும் வேலைக்காரத் திரெட்டில் தொட முடியாது. படத்தை அங்கே விரித்து, திரைக்கு ஏற்றும் கடைசி வேலையைப் பிரதான திரெட்டில் செய்ய வேண்டும்.

செய்தேன். திக்கல் நின்றது. ஆனால் பத்து நிமிடத்தில் லேப்டொப் மூச்சு வாங்கத் தொடங்கியது. கணக்குப் பாருங்கள்: 6000 × 4000 பிக்சல், பிக்சலுக்கு 4 பைட், அதாவது விரிந்த ஒரு படம் 96 மெகாபைட். டிஸ்கில் 8 மெகாபைட் ஜேபெக்காக அடக்கமாக இருந்தது இவ்வளவாக வீங்குகிறது. பத்துப் படம் சனலில் நின்றால் ஒரு ஜிகாபைட்டுக்குக் கிட்ட. லூவாவின் குப்பை அள்ளுகிறவருக்கோ இது கண்ணில் படுவதே இல்லை. அவர் கணக்கில் அது ஒரு சின்ன யூசர்டேட்டா, நினைவகம் நிரம்புகிறது என்று அவருக்குத் தெரியாது. லவ் 11இலிருந்து 'ரிலீஸ்' என்ற வழி உண்டு. வேலை முடிந்த படத்தை நாங்களே கையோடு விடுவிக்க வேண்டும்.

ரிலீஸ் போட்டும் எனக்குத் திருப்தியில்லை. மேலே சொன்ன இரண்டாம் கேள்வியை என்னிடமே திரும்பக் கேட்டேன்: இந்தப் பக்கம் வரவேண்டிய சாமான் எவ்வளவு? திரை 1920 × 1080. அதில் 6000 பிக்சல் படத்துக்கு என்ன வேலை? அதனால் வேலைக்காரத் திரெட்டே படத்தை விரித்து, நான்கில் ஒன்றாகச் சிறிதாக்கி, பெரியதை அங்கேயே விடுவித்து, சிறியதை மட்டும் அனுப்புகிறது. 1500 × 1000 என்றால் 6 மெகாபைட். 96 இருந்த இடத்தில் 6.

சிறிதாக்கும்போது ஒரு பாடம் கிடைத்தது. கெதியாக இருக்கட்டும் என்று நாலு பிக்சலுக்கு ஒன்றை மட்டும் எடுத்தேன். கூறைச் சேலையின் சரிகை முழுவதும் கோடு கோடாக அலையடித்தது. பொம்பிளையின் அம்மா பார்த்தால் சேலை பழுதாகிவிட்டது என்றே நினைத்திருப்பா. 4 × 4 கட்டத்தில் இருக்கிற 16 பிக்சலுக்கும் சராசரி எடுத்த பிறகே சரிகை சரிகையாகத் தெரிந்தது. கணினிகளில் லவ் லூவாஜிட்டில் ஓடுவதால், எஃப்எஃப்ஐ (சி மொழித் தரவைத் தொட லூவாஜிட் தருகிற வசதி) வழியாகப் படத்தின் பைட்டுகளை நேரே தொட்டு இந்தக் கணக்கைப் போட்டால் படம் விரிகிற நேரத்தோடு ஒப்பிட அது பெரிய சுமை இல்லை. பிக்சல் பிக்சலாகப் பங்ஷன் கூப்பிட்டால் சுமைதான்.

மணமக்களின் கண் மூடியிருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்க்கிற நேரம் மட்டும் முழுப் படம் கேட்டுப் போகும். அந்த ஒரு தரம் சின்னத் தடங்கல் வந்தாலும் ஒருவரும் குறை சொன்னதில்லை.

லவ் திரெட்டை எடுக்கிறவர்களுக்கு இன்னும் சில அனுபவம். வேலைக்காரத் திரெட்டில் பிழை வந்தால் அது சத்தமில்லாமல் செத்துவிடும். 'திரெட்எரர்' என்ற கோல்பேக்கை முதல் நாளே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் படம் ஏன் வரவில்லை என்று தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வேலைக்காரர் வேலை வரும்வரை 'டிமாண்ட்' செய்து காத்திருக்கலாம், பிரதான திரெட் ஒருபோதும் அதைச் செய்யக்கூடாது. அது 'பொப்' செய்து, இருந்தால் எடுத்து, இல்லாவிட்டால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். திரெட்டை வெளியிலிருந்து நிறுத்த வழி இல்லை. செயலியை மூடும்போது ஒவ்வொரு வேலைக்காரருக்கும் நிறுத்தச் சொல்லி ஒரு செய்தி அனுப்ப வேண்டும்.

எத்தனை பேரை வைப்பது? நாலு கோர் இருந்தும் நான் இரண்டோடு நிறுத்தினேன். ஒவ்வொருவர் கையிலும் ஒரு 96 மெகாபைட் எப்போதும் இருக்கும், பென் டிரைவோ ஒன்றுதான். நாலு பேர் வரிசையில் நின்று ஒரே வாளியில் தண்ணீர் அள்ள முடியாது. இரண்டு பேர் என்றால் முடிக்கிற ஒழுங்கு மாறி வரும் என்பதையும் மறக்கக்கூடாது. 12ஆம் படம் 11ஐ முந்தலாம். அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு எண் கொடுத்து, விடையும் அதே எண்ணோடு வரவேண்டும் என்று வைத்தேன். அம்மா திடீரென்று 300ஆம் படத்துக்குப் பாய்ந்தால் சனலில் நிற்கிற பழைய கோரிக்கைகளை அழித்துவிட்டு 300ஐ முன்னுக்குப் போடுகிறேன். இதைச் செய்யாவிட்டால் திரெட் எல்லாம் வைத்தும், பார்க்காத படங்களுக்காகக் காத்திருக்க வேண்டிவரும்.

கோரூட்டினை நான் எறியவில்லை. படங்கள் மெல்ல மாறி ஓடுகிற காட்சிக்கு, இரண்டு செக்கன் காத்திரு, மங்கலாக்கு, அடுத்ததைக் காட்டு என்று வரிசையாக எழுத அதைவிட வடிவான வழி இல்லை. அந்தப் பகுதி முழுவதும் இன்னும் கோரூட்டின்தான்.

இப்போது அண்ணை புதிதாக ஒன்று கேட்டிருக்கிறார். ஜேபெக் அல்லாமல் கமரா பதப்படுத்தாமல் சேமிக்கிற ரோ கோப்புகளையே நேரே காட்டினால் நல்லது என்கிறார். லவ்வுக்கு ரோ வாசிக்கத் தெரியாது. வெளிக் கருவி ஒன்றைத்தான் கூப்பிட வேண்டும், அதாவது நான் விலக்கி வைத்த தனிப் புரோசஸ். தமிழ் ஃபோல்டர் பெயரைத் தொடாமல், இறக்குமதி நேரத்தில் எண் பெயரில் ஒரு பிரதி எடுத்து அதைக் கருவிக்குக் கொடுக்கலாம் என்று நினைத்திருக்கிறேன். நல்லூர்க் கொடியேற்றம் வருவதற்குள் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் அந்த 25 நாளும் அவருக்குக் கமராவைக் கீழே வைக்க நேரம் இருக்காது.